நாட்டு ஓட்டுக் கூரையைப் படமெடுக்க ஐயாயிரத்துக்குள் டிரோன் கிடைக்குமா?

கோட்டையூர்ப் பங்காளி | ஜூலை 3, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கோட்டையூரில் எங்கள் ஐயாவின் ஐயா கட்டிய வீடு. முகப்பு ஒரு தெருவில் தொடங்கும், பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். இன்றைக்கு அதில் பதினொரு புள்ளிக்கு, அதாவது பதினொரு குடும்பத்துக்கு, பங்கு. அங்கேயே படுத்து எழுந்திருப்பவன் நான் ஒருவன்தான். இரண்டாங்கட்டின் வடகிழக்கு மூலை இரண்டு வருடமாக ஒழுகுகிறது. பர்மாத் தேக்குத் தூண் ஒன்றின் தலை கறுக்கத் தொடங்கிவிட்டது.

கூரை முழுவதும் நாட்டு ஓடு. ஆள் ஏறினால், உடைந்த ஓட்டைக் கண்டுபிடிப்பதற்குள் நல்ல ஓடு இருபது நொறுங்கும். "பிரித்து வேய்வதென்றால் சொல்லுங்கள், வேடிக்கை பார்க்க ஏறமாட்டேன்" என்கிறார் கொத்தனார். பங்காளிகளிடம் பணம் கேட்டால், "எங்கே உடைந்திருக்கிறது, படம் அனுப்பு" என்று கோலாலம்பூரிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் பதில் வருகிறது. அதனால்தான் இந்த டிரோன் யோசனை. ஐப்பசி மழைக்கு முன் வேலை முடியவேண்டும்.

இணையக் கடை ஒன்றில் ரூ. 3,499க்குப் பார்த்தேன். "4கே இரட்டைக் கேமரா" என்று போட்டிருக்கிறது. பட்டம் தவிர எதையும் நான் பறக்கவிட்டதில்லை. வாங்கலாமா?

கல்யாணக் கேமரா | ஜூலை 3, இரவு 10.05

வேண்டாம். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் எட்டு வருடமாகக் கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, முன்னோர் படைப்பு எல்லாம் எடுக்கிறேன். அந்த விலைக்கு வரும் டிரோனின் இரண்டாவது கேமரா எங்கே இருக்கிறது தெரியுமா? வயிற்றுக்கு அடியில். தரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பதற்காக வைத்த பொட்டு அளவுக் கண் அது. முன்னால் இருக்கும் கேமராவையும் பறக்கும்போது கீழே திருப்ப முடியாது. மேலெழுப்பும் முன்பே கையால் சாய்த்து வைக்கவேண்டும். கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் கிடையாது. மோட்டார் நடுக்கமெல்லாம் படத்தில் அலையடிக்கும். 4கே என்பது அட்டைப்பெட்டியில் மட்டும்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் 720 வரிசைப் படம், அதையே செயலி இழுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

கணக்கு வாத்தியார் | ஜூலை 4, காலை 6.30

ஓட்டை வைத்தே கணக்குப் போடுவோம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்க்கும் கேமரா சுமார் 15 மீட்டர் அகலத்தைப் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் அகலவாக்கில் 4,000 புள்ளிகள். 15,000 மில்லிமீட்டரை 4,000ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 720 வரிசைப் படத்தில் அகலம் 1,280 புள்ளிதான், ஆகவே ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 12 மி.மீ. ஒரு விரற்கடை விரிசல் முதல் படத்தில் ஐந்து புள்ளியாக விழும், இரண்டாவதில் ஒன்றரைப் புள்ளி. ஒன்றரைப் புள்ளியைக் காட்டி நியூஜெர்சியில் பணம் வாங்க முடியாது.

பொட்டல்காற்று | ஜூலை 4, காலை 8.47

இரண்டு பேரும் சொல்வது படத்துக்குச் சரி. ஆனால் கேட்பவர் இதுவரை எதையும் பறக்கவிட்டதில்லை. ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கி முதல் நாளே வேப்பமரத்தில் செருகினால் யார் அழுவது? நான் முதலில் வாங்கியது மூவாயிரத்துச் சொச்சம் விலையுள்ள ஒன்று. ஜி.பி.எஸ். இல்லை, சின்ன பிரஷ் மோட்டார். அதில்தான் கை படிந்தது. ஜி.பி.எஸ். உள்ளவற்றில் கையை எடுத்தால் அதுவே நிற்கும். அதனால் நமக்கு ஓட்டத் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. செயற்கைக்கோள் போதாத இடத்தில் அது காற்றோடு போகத் தொடங்கும்போதுதான் தெரியாது என்பது தெரியவருகிறது.

பங்காளி அண்ணனுக்கு ஒரு பயிற்சி. மூக்கு உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்போது எல்லோரும் ஓட்டுவார்கள். அதை உங்கள் முகத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள். இப்போது வலது தள்ளினால் உங்கள் இடது பக்கம் போகும். அந்த நிலையில் ஒரு பேட்டரி முழுக்க, தலை உயரத்தில், ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டிவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது. மீதிப் பாதி எட்டுப் போடுவது.

விசிறியில் ஏ, பி என்று எழுதியிருக்கும், எழுத்து கடுகளவு இருக்கும். நான்கில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. விசிறி உடைந்து புதிதாகப் போட்டேன், இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். குச்சியைத் தள்ளியதும் எழவில்லை, அப்படியே குப்புறக் கவிழ்ந்து மணலைக் கடைந்தது. பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு விசிறியைக் கழற்றி மாற்றிப் போட்டுக் கையில் கொடுத்தார்.

கல்யாணக் கேமரா | ஜூலை 4, காலை 9.20

பிரஷ் மோட்டாருக்கு ஆயுள் சில மணி நேரப் பறத்தல்தான். உள்ளே உரசும் பிரஷ் தேய்ந்ததும் ஒரு பக்கம் சரியும். கற்றுக்கொள்ளும்போதே செத்துவிடும் பொருளை எதற்கு வாங்கவேண்டும்?

பொட்டல்காற்று | ஜூலை 4, காலை 9.31

சிலேட்டுப் பலகை உடையும் என்று தெரிந்துதானே பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறோம்?

சாங்கி அத்தான் | ஜூலை 5, மாலை 4.18

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஆவணிக் கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறேன். இங்கே 249 கிராம் டிரோன் கடைக்குக் கடை கிடைக்கிறது. பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தரட்டுமா? திருச்சியில்தான் இறங்குகிறேன்.

சட்டம் பேசுபவன் | ஜூலை 5, மாலை 5.02

அத்தான், அந்த நல்ல எண்ணத்தைச் சிங்கப்பூரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் முழு டிரோனாகவோ, பிரித்த பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டும் வகையிலோ இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு. தனித்தனி உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. பெட்டியோடு சுங்கத்தில் நிற்கவேண்டியது நீங்கள்தான்.

இனி பறக்கவிடுவது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கும் வணிக நோக்கம் இல்லையென்றால் தேவையில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்தும் நானோவுக்கு விலக்கு. அந்த 249 கிராம் என்ற விசித்திரமான எடை உலகம் முழுக்க இந்த 250 கிராம் கோட்டுக்காகவே பிறந்தது. எடை என்பது பேட்டரி, விசிறிக் காப்பு எல்லாம் சேர்த்து. காப்பு மாட்டியதும் கோட்டைத் தாண்டிவிடும் டிரோன்கள் உண்டு, தராசில் வைத்துப் பாருங்கள்.

பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியில், 400 அடி வரை போகலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான். மண்டலத்தை அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பறக்கவிடும் அன்றைக்கே பாருங்கள், போன மாதம் பார்த்தது போதாது. மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும்.

ஊருணிக்கரை | ஜூலை 5, இரவு 8.40

செட்டிநாட்டில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் கிடக்கிறதே, அங்கே பழகலாமா? ஆள் நடமாட்டமே இல்லை.

சட்டம் பேசுபவன் | ஜூலை 5, இரவு 9.00

ஆள் இல்லாவிட்டாலும் அது அரசு நிலம். கேட்காமல் போகவேண்டாம். திருமயம் கோட்டையும் அப்படித்தான், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி வாங்காமல் டிரோனோடு போய் நிற்காதீர்கள். அறுவடை முடிந்த உங்கள் சொந்த வயலைவிட நல்ல ஓடுதளம் எது?

தேவகோட்டை ஆச்சி | ஜூலை 6, காலை 11.15

எனக்கு டிரோன் தெரியாது. பேரன்தான் இந்த இழையைத் திறந்து காட்டினான். போன சித்திரையில் மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் குளவிக் கூட்டம் மாதிரிச் சத்தம். நிமிர்ந்தால் ஒரு சின்ன எந்திரம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வடகக் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன், போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையன் விடுமுறைக்கு வந்தவனாம். படம் எடுக்கிறவர்கள் தெருவில் நான்கு வீட்டுக்காவது முதல் நாளே சொல்லிவிட்டு எடுங்கள். பெண்கள் கிணற்றடியில் இருப்பார்கள்.

இன்னொன்று. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அங்கே போய் இதைப் பறக்கவிடுகிறேன் என்று எவனாவது கிளம்பினால் நான் கரண்டியோடு வருவேன்.

பொட்டல்காற்று | ஜூலை 6, பகல் 12.30

ஆச்சிக்குக் கும்பிடு. பறவை விஷயத்தில் ஊருக்குள்ளும் கவனம் வேண்டும். இங்கே பருந்து அதிகம், கூடு கட்டிய காலத்தில் காக்கையும் விடாது. அவை மேலிருந்துதான் பாயும். வட்டமிடுவதைக் கண்டால் அன்றைக்கு இறக்கிவிடுங்கள்.

மின்கலம் | ஜூலை 7, இரவு 7.55

பேட்டரி பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே நான். இவை லித்தியம் பாலிமர். ஒரு செல்லுக்கு முழு மின்னேற்றம் 4.2 வோல்ட். முழுதாக ஏற்றி வாரக்கணக்கில் அலமாரியில் வைத்தால் கெடும், முழுதாகக் காலி செய்து வைத்தாலும் கெடும். பறக்கவிடாத நாட்களில் பாதியளவில், 3.8 வோல்ட் அருகே வையுங்கள். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜரில் மாட்டாதீர்கள், அரை மணி ஆறட்டும். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்கவே கூடாது. வீங்கிய பேட்டரியின் ஆயுள் முடிந்தது. போன வாரம் ஒரு நண்பர் வீங்கிய பேட்டரியை அகராதிக்கு அடியில் வைத்து "அமுக்கிக்கொண்டிருக்கிறேன்" என்றார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் காரைக்குடி இது, அதன் வாசல் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறார்.

கோட்டையூர்ப் பங்காளி | ஜூலை 12, இரவு 9.50

ரூ. 3,499க்கே வாங்கிவிட்டேன். கல்யாணக் கேமரா அண்ணன் மன்னிக்கவேண்டும். எடை 92 கிராம், மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் ஓடுகிறது.

வெளியே காற்று என்பதால் ஐந்து நாளாக வீட்டுக்குள்தான் பழக்கம். ஒரு விந்தை. கல்யாணக்கொட்டகையில் ஆத்தங்குடிப் பூக்கல் பதித்திருக்கிறது. அதன் மேல் இரண்டடி உயரத்தில் நிறுத்தினால் ஆணி அடித்தது போல நிற்கிறது. நான்கு எட்டு தள்ளி முகப்புப் பட்டாலையில் வெள்ளை இத்தாலியப் பளிங்கு. அதன் மேல் வந்ததும் குடித்தவன் போலத் தூணை நோக்கி நகர்கிறது. திரும்பப் பூக்கல்லுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் ஒழுக்கம். தூண் மோதி இதுவரை இரண்டு விசிறி போயிற்று. டிரோனில் கோளாறா?

கணக்கு வாத்தியார் | ஜூலை 13, காலை 6.10

கோளாறு இல்லை. வயிற்றுக் கண் தரையை நொடிக்குப் பலமுறை படமெடுத்து, முந்தைய படத்தில் இருந்த பூ இந்தப் படத்தில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒப்பிட்டு, அந்த அளவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பூக்கல்லில் பிடித்துக்கொள்ளக் கோடும் வளைவும் உண்டு. பளிங்கில் ஒன்றும் இல்லை, போதாததற்கு உத்தரமும் சன்னல் வெளிச்சமும் அதில் நிழலாடும். நிழல் நகர்ந்தால் தான் நகர்ந்ததாக அது எண்ணிக்கொள்ளும். ஊருணித் தண்ணீருக்கு மேலும் இதே கதை. வெளிச்சம் மங்கினாலும் கண் தெரியாது.

ஊருணிக்கரை | ஜூலை 13, காலை 9.45

ஆத்தங்குடிக் கல்லும் பளபளப்புதானே வாத்தியாரே? கண்ணாடி மேல் சாயச் சாந்தை ஊற்றி வார்ப்பதால்தான் அந்த மினுக்கமே வருகிறது. சூளையில் சுடுவதுகூட இல்லை. எங்கள் வீட்டுக் கல்லில் முகம் தெரியும். அங்கே ஏன் நகர்வதில்லை?

கணக்கு வாத்தியார் | ஜூலை 13, காலை 10.02

உங்கள் வீட்டில் தினமும் துடைக்கிறார்கள். பங்காளி வீட்டில் ஆள் இல்லை, கல் மேல் தூசி படிந்து மினுக்கம் அடங்கியிருக்கும். பூ மட்டும் தெரியும்.

கோட்டையூர்ப் பங்காளி | ஜூலை 13, பகல் 1.20

துடைத்துப் பார்த்தேன். வாத்தியார் சொன்னது உண்மை. முழுதாக நகரவில்லை, ஆனால் ஆணி கழன்றுவிட்டது.

கல்யாணக் கேமரா | ஜூலை 14, இரவு 10.40

எது செய்தாலும் வளவு என்ற திறந்த முற்றத்தின் நடுவிலிருந்து வெளியே ஏற்றாதீர்கள். நான்கு பக்கமும் கூரை மறைப்பதால் ஜி.பி.எஸ். உள்ள டிரோனுக்கே செயற்கைக்கோள் குறைவாகத்தான் கிடைக்கும். கிளம்பிய இடத்தை அது சரியாகக் குறித்துக்கொள்ளாது. தானாகத் திரும்பும்போது ஓரிரு மீட்டர் தள்ளி இறங்கினால் தாழ்வாரத்து ஓட்டில் உட்கார்ந்துவிடும். தெருவில் வைத்து ஏற்றுங்கள். திரும்பும் உயரத்தைத் தெருவில் உள்ள உயரமான மரத்தைவிடப் பத்து மீட்டர் கூட்டி வையுங்கள். திசைகாட்டியைச் சரிசெய்வதும் மண் தரையில்தான், கம்பி போட்ட கான்கிரீட் மாடியில் செய்தால் அந்தக் கம்பி திசையைக் குழப்பும். உங்களுடையதில் இது எதுவும் இல்லை என்பதால், ஆடி முடியும் வரை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். நான் வைத்திருப்பது 249 கிராம், நொடிக்கு 10.7 மீட்டர் காற்று வரை தாங்கும் என்பது அதன் கணக்கு. அதையே இந்த மாதத்தில் காலை ஏழு மணிக்கு மேல் நான் எடுப்பதில்லை.

கோட்டையூர்ப் பங்காளி | ஜூலை 27, மாலை 6.35

அண்ணன் எடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தார். நான் எடுத்தேன்.

காலையில் வேப்பிலை அசையவில்லை. தெருவில் வைத்து ஏற்றினேன். முகப்புக் கூரைக்கு மேல் வரும்வரை என் பேச்சைக் கேட்டது. கூரை முகட்டைத் தாண்டியதும் மேலே வேறு காற்று. குச்சியை முழுக்க என் பக்கம் இழுத்துப் பிடித்தும் அது மேற்கிலிருந்து கிழக்காக, எனக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டே, மெதுவாக, ஏதோ ஊருக்குப் போகிறவர் போலப் போயிற்று. திரையில் ஓடு, ஓடு, பிறகு ஒரு முற்றம், ஒரு தூண், அத்தோடு கறுப்பு.

விழுந்தது கிழக்கு வீட்டு வளவுக்குள். அந்த வீடு பூட்டி ஆறு வருடம் ஆகிறது. உடைமைக்காரர்கள் எங்கள் பங்காளிகள்தான், ஆனால் 1980களில் ஒரு சுவர்த் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை.

தேவகோட்டை ஆச்சி | ஜூலை 27, இரவு 7.10

அம்மியே பறக்கும் மாதத்தில் 92 கிராமை விட்டால் வேறு எங்கே போகும்? சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பூட்டிய வீட்டுச் சாவி எப்போதும் ஒரு சமையல்காரரிடமோ கணக்குப்பிள்ளையிடமோ இருக்கும்.

கல்யாணக் கேமரா | ஜூலை 27, இரவு 10.15

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். ஐந்தரைக்கு வந்து உங்கள் கூரையை எடுத்துத் தருகிறேன். பணம் வேண்டாம், காபி போதும். தெருவில் சொல்லி வையுங்கள், ஆச்சி கரண்டியோடு நிற்கப் போகிறார்.

கோட்டையூர்ப் பங்காளி | ஆகஸ்ட் 3, இரவு 8.25

அண்ணன் வந்தார். வெளிச்சம் வந்ததும் ஏற்றி, கூரைக்கு மேல் பத்து மீட்டரில் கேமராவை நேர்கீழே திருப்பி, வரப்பு உழுவது போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான்கு முறை போய் வந்தார். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மேல் பாதி ஏறும்படி எடுத்தார். பதினாறு நிமிடம், ஒரே பேட்டரி, 140 படங்கள்.

எங்கள் கூரையில் உடைந்த ஓடு முப்பதுக்குள்தான். ஒழுகுவதற்குக் காரணம் அவை இல்லை. எங்கள் கூரையும் கிழக்கு வீட்டுக் கூரையும் சேரும் கூடல்வாயில், அவர்கள் பக்கத்துச் சுவர் வெடிப்பில், ஓர் அரசங்கன்று. அரையாள் உயரம். அதன் வேரில் சருகு அணைகட்டி, அவர்கள் வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து எங்கள் இரண்டாங்கட்டுக்குள் தள்ளுகிறது. இலையின் நுனி வால்கூடப் படத்தில் எண்ண முடிகிறது. அதே படத்தின் ஓரத்தில் அவர்கள் வளவில் என் டிரோன் மல்லாந்து கிடப்பதும் தெரிகிறது.

இரண்டு வருடமாக எங்கள் பதினொரு புள்ளிக்குள் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டிருக்கவேண்டியது சுவருக்கு அந்தப் பக்கம்.

பொட்டல்காற்று | ஆகஸ்ட் 3, இரவு 9.05

சாவி கிடைத்ததா?

கோட்டையூர்ப் பங்காளி | ஆகஸ்ட் 11, இரவு 9.30

கிடைத்தது. ஆச்சி சொன்னபடியே பள்ளத்தூரில் ஒரு பழைய சமையல்காரர் வீட்டு உறியில் தொங்கியது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பெரியவருக்கு நான்தான் முதலில் தொலைபேசியில் பேசினேன். அரசங்கன்று படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடம் பேச்சில்லை. பிறகு, "பாதிச் செலவு என்னுடையது, கன்றை வேரோடு எடுக்கச் சொல், வெட்டினால் மறுபடி துளிர்க்கும்" என்று எழுதியிருந்தார். கொத்தனார் வரும் புதன்கிழமை ஏறுகிறார்.

வளவுக் கதவைத் திறந்தபோது டிரோனோடு இரண்டு பட்டம், ஒரு ரப்பர் பந்து, ஒரு புறாக்கூடு. டிரோனில் ஒரு கை ஒடிந்திருக்கிறது. மோட்டார் மூன்று சுற்றுகிறது.

எங்கள் பங்காளிகள் குழுவில் அத்தனை படங்களையும் போட்டேன். நியூஜெர்சியிலிருந்து இதுவரை வந்திருக்கும் ஒரே பதில்: "டிரோன் என்ன விலை, எனக்கும் ஒன்று வாங்கி வை."